டாக்டர் தாலிமெரென் ஆவோ

கல்விக்கும் விளையாட்டிற்கும் தீராப் பகை உண்டென்று கருதுவோர் நம் நாட்டில் இன்றும் பலர். புதுக்கோட்டைச் சீமையிலோ இக்கருத்துச் சற்று வலுத்தே காணப்படுகின்றது. வானம் பார்த்த நிலமும், ஆண்டிற் பாதி வறண்டு கிடக்கும் கண்மாய்களும் உடைய ஊர்களிலிருந்து, பெற்றோர் கடன்பட்டுத் தம் மக்களைக் கல்லூரிக்கு அனுப்புகின்றனர். அம்மக்கள் மாலைதோறும் பந்தின் பின்னே ஓடுகின்றனர் என்று கேள்வியுறின், அவர்தம் நெஞ்சு துணுக்குறுதல் இயல்பேயாம். மாணாக்கரோவெனில், இளமையில் ஓடாத கால் பின் எப்பொழுது ஓடும் என்று வினவுவர். இவ்விரு சாராரும் ஒருங்கு கற்றற்குரிய வாழ்க்கை ஒன்று உண்டு. அது கீழ்த்திசை மலைநாட்டிற் பிறந்து, கால்பந்தாட்டத்திற் சுதந்திர இந்தியாவின் முதற் கோஷ்டிக்குத் தலைமை தாங்கிப் பின் மருத்துவராய் வாழ்ந்து மறைந்த டாக்டர் தாலிமெரென் ஆவோ அவர்களின் வாழ்க்கையாகும். அதனை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

ஆவோ அவர்கள் 1918ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள் சாங்கி என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் அஸ்ஸாம் மாகாணத்தைச் சார்ந்த நாகா மலை ஜில்லாவில் இருந்தது. இப்பொழுது நாகாலாந்து மாநிலத்து மொகொக்சுங் மாவட்டத்தில் உள்ளது. நாகர் என்பார் ஒரே இனத்தாரல்லர். பல குலத்தினராய், பல மொழியினராய் வாழ்பவர். அவருள் ஆவோ என்பது ஒரு குலத்தின் பெயர். அப்பெயரே நம் வீரரின் பெயரோடும் ஒட்டி நிற்கின்றது.

அவர் தந்தையார் சுபொங்வாதி என்னும் கிறித்தவப் போதகர். பன்னிரு மக்களைக் கொண்ட அக்குடும்பத்தில் ஆவோ நான்காம் பிள்ளை. போதகரின் வருவாய் எத்துணைத்தென்பதும், பன்னிரு வயிற்றை நிரப்புதல் எத்துணை அரிதென்பதும் நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அமெரிக்க ஞானஸ்நான சபையார் 1894 முதல் இம்பூர் என்னும் இடத்தைத் தம் ஊழியத்திற்கு நடுவிடமாகக் கொண்டு, ஆங்குப் பள்ளியும் மருந்தகமும் நடத்தி வந்தனர். போதகரின் குடும்பமும் அவ்விம்பூர் வளாகத்திற் குடியேறியது. ஆங்கிருந்த திடலிலேதான் சிறுவன் தாலிமெரென் முதன்முதற் பந்தை உதைத்தான். தோற்பந்து வாங்கப் பொருளில்லாத பிள்ளைகள் கந்தற்றுணியைச் சுருட்டிக் கட்டிய பந்தையே ஆடினர். நம் ஊர்ப் பொட்டல்களிலும் இவ்வாறே ஆடிப் பழகினோர் நம்மிடையே பலர் உளர் ஆதலின், இச்செய்தி நமக்குப் புதிதன்று.

தந்தையாரின் விருப்பம்

இம்பூர்ப் பள்ளியிற் படிப்பு முடிந்ததும் தாலிமெரென் மலையிறங்கி, அஸ்ஸாம் சமவெளியிலுள்ள ஜோர்ஹாட் நகரத்துக் கிறித்தவ உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். ஆங்கு அவர் படிப்போடு பந்தாட்டத்திலும் பெயர் பெற்று வருங்காலை, 1935ஆம் ஆண்டில், அவர் தந்தையார் விஷ சுரத்தால் மாண்டார். அப்பொழுது மைந்தருக்கு வயது பதினேழு.

அம்மலைநாட்டில் அக்காலத்தில் மருத்துவர் மிக அரியர். ஓர் ஊரினின்று மற்றோர் ஊருக்குச் செல்லவும் நாட்கணக்கிற் காடும் மலையும் கடத்தல் வேண்டும். பட்டணத்தில் எளிதிற் காக்கத்தக்க உயிரும் ஆங்கே வீணே அழியும். இவ்வவல நிலையை அறிந்த தந்தையார், தம் மகன் மருத்துவம் கற்றுத் தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்னும் விருப்பத்தை விட்டுச் சென்றார். அவ்விருப்பமே மைந்தரின் கடனாயிற்று. இக்கடனை நெஞ்சிற் கொண்டாலன்றி, அவர் பிற்காலத்துச் செய்கைகள் நமக்கு விளங்கா.

கௌஹாத்தியில்

பின்னர் ஆவோ கௌஹாத்தி நகரத்துக் காட்டன் கல்லூரியிற் சேர்ந்தார். அது 1901இல் நிறுவப்பட்டது. அஸ்ஸாம் மாகாணத்திலே உயர்தரக் கல்வியளித்த முதற் கல்லூரி. ஆங்கு அவர் பந்தாட்டத்தில் மட்டுமன்றி, ஓட்டம், தாண்டல் முதலிய போட்டிகளிலும் பரிசு பல பெற்றார். அந்நகரத்து மகாராணா கழகத்தார் அவரைத் தம் அணியிற் சேர்த்துக்கொண்டனர். அக்கழகத்தில் அவருக்குத் தோழராய் அமைந்தவர் சரத் தாஸ் என்னும் ஆட்டக்காரர். பின்னாளிற் கல்கத்தாவிலும் இவ்விருவரும் ஒரே கழகத்தில் ஆடினர்.

தொடக்கத்தில் ஆவோ முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவராகவே ஆடினார். பின்னரே நடுவரிசைக்கு மாறினார். இம்மாற்றம் சிறிதெனினும் கருதத்தக்கது. கோல் அடிப்பவனைக் கூட்டம் தோளிற் சுமக்கும். நடுவரிசையில் நிற்பவனை அது அத்துணை நினைப்பதில்லை. அக்காலத்து முறைப்படி, கோல் காப்பவனை நீக்கி, பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர் நின்று ஆடுவர். நடுவே நிற்கும் மூவரையும் ஹாப்-பாக் என்பர்; அவருள்ளும் இடையில் நிற்பவன் சென்டர்-ஹாப். பகைவரின் தாக்குதல் எழுமிடத்து ஓடிச் சென்று தடுத்தலும், தடுத்த பந்தைத் தன் முன்வரிசையார் காலிற் சேர்த்தலும் ஆகிய இரு தொழிலும் அவனுடையன. ஆட்டம் முழுவதும் ஓயாது ஓடுபவன் அவனே. பிறர் பிழையைத் திருத்துதலும், பிறர் புகழுக்கு வழி செய்தலுமே அவன் கடமை. ஆவோ தேர்ந்து நின்ற இடம் இத்தகையது.

கல்கத்தா வாழ்க்கை

1942ஆம் ஆண்டில் ஆவோ கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். அக்கல்லூரி 1948 முதல் அதன் நிறுவுநர் டாக்டர் ஆர். ஜி. கார் அவர்களின் பெயரால் வழங்கி வருகின்றது. அடுத்த ஆண்டு, 1943இல், அவர் மோகன் பகான் கழகத்திற் சேர்ந்தார்.

அக்கழகத்தின் பெருமையை ஒரு சிறிது கூறுதல் வேண்டும். 1889இல் தோன்றிய மோகன் பகான், 1911ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள், கிழக்கு யார்க்ஷயர்ப் பட்டாளத்தாரை 2-1 என்னும் கணக்கில் வென்று, ஐ. எஃப். ஏ. கேடயத்தைக் கைக்கொண்டது. இந்தியரது அணியொன்று அக்கேடயத்தை வென்றது அதுவே முதன்முறை. அன்று ஆடிய பதினொருவருள் பதின்மர் வெறுங்காலினர். பூட்ஸ் அணிந்தவர் ஒருவரே. அவர் மிஷன் கல்லூரி ஒன்றில் ஆசிரியராயிருந்து பின்னர்ப் போதகரான சுதீர் சட்டர்ஜி. அரசியல் மேடையில் வெல்ல முடியாதாரைத் திடலில் வென்றோம் என்று வங்காள மக்கள் அன்று கொண்டாடினர். அத்தகைய கழகத்தில், மலைநாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞர் நடுவரிசைத் தூணாய் நின்று, பின் தலைவராகவும் விளங்கினார் என்றால் அவரது திறமையை நாம் ஊகித்தறியலாம்.

அக்காலமோ அமைதியான காலமன்று. 1943இல் வங்காளம் கொடும் பஞ்சத்திற்கு இரையாயிற்று. இலக்கக்கணக்கான மக்கள் மாண்டனர். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜப்பானியப் படையினர் கொஹிமாவை முற்றுகையிட்டுப் பொருதனர்; ஆவோ பிறந்த நாகா மலை நாடே போர்க்களமாயிற்று. 1946 ஆகஸ்டில் கல்கத்தாத் தெருக்கள் வகுப்புக் கலவரத்தாற் குருதி தோய்ந்தன. 1947இல் விடுதலையும் பிரிவினையும் ஒருங்கே வந்தன. இவை யாவற்றினிடையேயும், காலையிற் கல்லூரியும் மாலையிற் பந்தாட்டத் திடலுமாக ஒரு மாணவர் நாட்கழித்தார் என்பதை நினைக்குந்தோறும் நாம் வியப்புறுகின்றோம்.

ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. 1942இற் சேர்ந்தவர் மருத்துவப் பட்டம் பெற்றது 1950இல். எட்டாண்டுகள் கழிந்தன. காலத்தின் குழப்பமும் ஆட்டத்தின் சுமையும் படிப்பின்மீது விழாமற் போகவில்லை என்றே நாம் கருதுகின்றோம். இரண்டு பொறுப்பை ஒருங்கே தூக்குவோர்க்கு நடை மெதுவாதல் இயல்பு. ஆவோ மெதுவாக நடந்தாரேயன்றி, இரண்டனுள் ஒன்றையும் கீழே வைத்தாரில்லை.

லண்டன் ஒலிம்பிக்

1948ஆம் ஆண்டு நம் புதுக்கோட்டை மக்கள் மறத்தற்கரிய ஆண்டு. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் தொண்டைமான் மன்னரின் சமஸ்தானம் இந்திய ஐக்கியத்தோடு இணைந்தது. தனியரசாய் இருந்த நம் சீமை இந்தியக் கொடியின் கீழ் வந்து ஐந்து திங்கள் நிரம்புமுன்னர், அக்கொடியை லண்டன் மாநகரில் ஏந்திச் செல்லும் பேறு நாகா மலையிற் பிறந்த ஆவோவிற்கு வாய்த்தது. ஜூலை 29ஆம் நாள் வெம்பிளி அரங்கில் ஒலிம்பிக் விழா தொடங்கியபொழுது, இந்திய வீரர்களின் முன்னே கொடி தாங்கி நடந்தவர் அவரே. கால்பந்து அணியின் தலைவரும் அவரே. மோகன் பகான் கேடயம் வென்ற நாளும் ஜூலை 29 என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இடையே கழிந்தவை முப்பத்தேழு ஆண்டுகள்.

அவ்வணியின் பயிற்சியாளர் பலாய்தாஸ் சட்டர்ஜி. வீரர்கள் நாட்டின் பல பகுதியினர். வங்காளத்திலிருந்து சைலேன் மன்னா. தென்னாட்டு வாடை வீசும் பெயருடையோர் வரதராஜ், வஜ்ரவேலு, சாரங்கபாணி ராமன் முதலியோர். நாகர் ஒருவர் தலைமையில் வங்காளியரும் தென்னாட்டாரும் ஒன்றாய் நின்றனர். புதிய இந்தியா என்பது யாதென்று அறிய விரும்பிய அயல்நாட்டார்க்கு அவ்வணியே விடையாய் அமைந்தது.

முதற் சுற்றில் ஆடவேண்டிய பர்மா அணி வாராமையால், இந்தியர் நேரே பிரான்சு நாட்டாரை எதிர்க்க நேர்ந்தது. ஜூலை 31ஆம் நாள் லண்டனை அடுத்த இல்போர்டு என்னும் ஊரில் ஆட்டம் நடைபெற்றது. சுதந்திர இந்தியாவின் அணி ஆடிய முதற் சர்வதேச ஆட்டம் இதுவே. இந்தியருட் பெரும்பாலோர் வெறுங்காலினராய்க் களம் புகுந்தனர். சிலர் பாதத்திற் கட்டுத்துணி மாத்திரம் சுற்றியிருந்தனர். இதனைக் கண்ட ஆங்கில மக்கள் முதலில் வியந்தனர்; ஆட்டம் நடக்க நடக்க, இந்தியரின் பந்தடக்கும் நயங் கண்டு ஆரவாரித்தனர்.

முப்பதாம் நிமிஷத்திற் பிரான்சு நாட்டார் ஒரு கோல் அடித்தனர். எழுபதாம் நிமிஷத்தில் ராமன் பந்தை வலைக்குட் செலுத்திக் கணக்கைச் சமமாக்கினார். சுதந்திர இந்தியாவின் முதற் கோல் ஒரு தென்னாட்டார் காலினின்று பிறந்தது என்பது நமக்கு உவகை தருவதொன்று. அவ்வாட்டத்தில் இந்தியருக்குப் பெனால்டி என்னும் தண்டனை உதை இருமுறை கிடைத்தது, இரண்டும் வீணாயின. ஆட்டம் முடிய ஒரு நிமிஷமே எஞ்சியிருக்கையில், பிரான்சு நாட்டார் மீண்டும் ஒரு கோல் அடித்து 2-1 என்னும் கணக்கில் வென்றனர்.

தோல்வியுற்ற அணியின் தலைவர்க்கு நேரும் சோதனை பெரிது. வீணான உதைகளை எண்ணி வீரரைக் கடிந்துரைத்தல் எளிது. வெறுங்காலைக் காரணங்காட்டி இரங்கத்தக்க முகத்தோடு நிற்றலும் எளிது. ஆவோ இவ்விரண்டும் செய்திலர். இந்தியர் ஏன் பூட்ஸ் அணியவில்லை என்று பத்திரிகையாளர் வினவியபொழுது, இவ்வாட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது காலேயன்றிப் பூட்ஸ் அன்று என்னும் பொருள்பட நகைச்சுவையாக விடை கூறி, கேட்டோரை நகைக்கச் செய்தார். அவ்விடை மறுநாட் பத்திரிகைகளில் வந்து நெடுங்காலம் வழங்கிற்று. பின்னர் அணியினர் ஐரோப்பாவிற் சுற்றி ஆடுகையில், ஆம்ஸ்டர்டாம் நகரத்து அஜாக்ஸ் கழகத்தாரை 5-1 என்னும் கணக்கில் வென்றனர்.

இவ்விடத்து ஒன்று சொல்லுதல் வேண்டும். வெறுங்காலின் பெருமையை நாம் எல்லை கடந்து பாராட்டுதல் ஆகாது. 1952இல் ஹெல்சிங்கி நகரில் இந்திய அணி யுகோஸ்லாவிய நாட்டாரிடம் 10-1 என்னும் கணக்கில் தோற்றது. குளிர்ந்து நனைந்த நிலத்தில் வெறுங்கால் உதவாதென்பது அன்று வெளிப்பட்டது. அதன்பின் பூட்ஸ் கட்டாயமாயிற்று. பின் 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. துணிவு நன்று, துணிவோடு காலத்திற்கேற்ற கருவியும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

அழைப்பும் மறுப்பும்

லண்டனில் ஆவோவின் ஆட்டத்தைக் கண்ட அர்செனல் கழகத்தார், அவரைத் தம் அணியில் ஆட அழைத்தனர் என்றும், அவர் அதனை ஏற்காது நாடு திரும்பினார் என்றும் அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். இங்கிலாந்தில் அக்காலத்துத் தொழில்முறை ஆட்டக்காரரின் நிலையை ஒருவாறு அறிந்துகொண்டால் இதன் பொருள் விளங்கும். ஆங்குப் பந்தாட்டம் ஒரு பிழைப்பு. ஆலையிலும் சுரங்கத்திலும் உழைக்கும் குடிகளிலிருந்து பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் கழகங்களிற் சேர்வர். 1947இல் ஓர் ஆட்டக்காரன் பெறத்தக்க உச்சக் கூலி வாரம் 12 பவுன் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. எத்துணைச் சிறந்தவனும் அதற்குமேற் பெறலாகாது. இவ்வரையறை 1961இலேதான் நீங்கிற்று. கழகம் விடுவித்தாலன்றி வேறு கழகத்திற் சேர்தலும் இயலாது. ஆயினும், உழைக்கும் மக்களின் கூலியை நோக்க அது நல்ல வருவாயே. அதனொடு, பல்லாயிரவர் கண்முன் ஆடும் பெருமையும் உண்டு.

முப்பதாண்டு நிரம்பிய இளைஞர் ஒருவர்க்கு இத்தகைய வாயில் திறந்தால், அதனுட் புகாதிருத்தல் எளிதோ? வீட்டில் வறுமை, உடன்பிறந்தார் பலர், படிப்போ இன்னும் முடியவில்லை. ஆடும் ஆண்டுகள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. இப்பொழுது மறுத்தால் மறுபடி வாராது. மற்றொரு பக்கத்தில், பதின்மூன்றாண்டுகட்கு முன் மறைந்த தந்தையாரின் விருப்பம் நின்றது. அதனைக் கேட்க உயிரோடு இருப்பவரல்லர் அவர். உயிரோடிருப்பவர்க்குக் கொடுத்த வாக்கைக் காத்தற்கு அச்சமும் வெட்கமும் துணை செய்யும். மறைந்தவர்க்குக் கடன்பட்டதைத் தீர்த்தற்குத் தன் நெஞ்சமன்றி வேறு துணையில்லை. ஆவோ கல்கத்தாவிற்குத் திரும்பிப் புத்தகத்தைக் கையிலெடுத்தார். 1950இல் மருத்துவரானார்.

மருத்துவப் பணி

பட்டம் பெற்றபின் கல்கத்தாவிலே தங்கியிருந்தால், புகழ்பெற்ற ஆட்டக்காரராகிய அவர்க்கு நோயாளரும் பொருளும் தாமே வந்து குவிந்திருக்கும். அவரோ கிழக்கு நோக்கிச் சென்றார். முதலில் அஸ்ஸாமில் திப்ருகர் மருத்துவமனையிற் பணியாற்றினார். பின்னர்க் கொஹிமா நகரத்து அரசினர் மருத்துவமனையில் உதவி மருத்துவ அதிகாரியானார். போரினால் இடிந்து, பின் மெல்ல எழுந்து வந்த நகரம் அது. அவர்தம் மனைவியார் செவிலியர். ஆதலின் இல்லறமும் தொண்டும் அவர்க்கு ஒன்றாயின. மக்கள் நால்வர் பிறந்தனர்.

1963ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அப்புதிய மாநிலத்தின் சுகாதாரத் துறை இயக்குநர் பொறுப்பு ஆவோவை அடைந்தது. 1978இல் ஓய்வு பெறுமளவும் அப்பதவியில் இருந்து பணியாற்றினார். பாதையற்ற மலையூர்களுக்கு மருந்தும் மருத்துவரும் செல்லும் வழியை வகுத்தல் அத்துறையின் வேலை. மேடையில் முழங்கும் வேலையன்று அது. கணக்கும் கடிதமும், ஆளனுப்புதலும் பொருள் பங்கிடுதலுமாகிய வேலை. திடலில் நடுவரிசையில் நின்று பிறர் காலுக்குப் பந்து சேர்த்தவர், ஈண்டும் அதனையே செய்தார் என்று நாம் கூறுதல் மிகையாகாது.

மறைவும் நினைவும்

டாக்டர் ஆவோ 1998ஆம் ஆண்டு செப்டெம்பர்த் திங்கள் 13ஆம் நாள், தம் எண்பதாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அவரைப் பெரும்பாலும் மறந்திருந்த நாடு, பின்னர் நினைத்தது. வடகிழக்கு மாநிலங்கட்கு இடையே நடைபெறும் கால்பந்துப் போட்டி ஒன்றிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பிறந்து நூறாண்டு நிரம்பிய 2018இல் இந்தியத் தபால் துறையார் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டனர்.

நாம் கொள்ளத்தக்கன

இவ்வாழ்க்கையை நோக்குங்கால், நம் புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நம் நினைவிற்கு வருகின்றனர். மன்னர் கல்லூரியில் முதல் மாணவியாய்ப் பயின்று, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவ்வம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரை நெஞ்சிற் கொண்டு, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். தங்கையின் மறைவு அவர்க்கு வழிகாட்டியது; தந்தையின் மறைவு ஆவோவிற்கு வழிகாட்டியது. வீட்டிற் புகுந்த சாவைக் கண்டு அழுது ஓயாது, அதனை நாட்டின் பிற வீடுகளிற் புகாது தடுக்க முனைந்தோர் இருவரும்.

மாணாக்கர்காள்! நும்முள் விளையாட்டில் வல்லார் பலர் உளீர். ஆடுக, நன்றாக ஆடுக. ஆடுதல் குற்றமன்று. ஆயின் நும் பொருட்டு ஊரிற் கடன்பட்டிருப்போர் உளர் என்பதையும், அவர் கேளாவிடினும் அக்கடன் கடனே என்பதையும் மறவற்க. பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் நாம் கூறுவது ஒன்றுண்டு: பந்தை நாடும் பிள்ளையைப் பழியாது, அவன் எவ்வரிசையில் நின்று ஆடுகின்றான் என்று ஒருமுறை திடலுக்குச் சென்று காண்க. தன் புகழ் கருதாது பிறர் காலிற் பந்து சேர்க்கப் பழகிய பிள்ளை, நாளை எத்தொழிலிற் புகினும் பயன்படுவான். அதற்கு டாக்டர் தாலிமெரென் ஆவோவின் வாழ்வே சான்று. அவர் நினைவு நம் கல்லூரித் திடலிலும் படிப்பறையிலும் ஒருங்கே நிலவுவதாக!